மாத்திரை சாப்பிட்டும் நரம்பு வீங்குவதேன்?

முழங்கையின் உட்புற எலும்பு மேட்டுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள். கயிறுபோல் ஒன்று உருளும். அதுதான் அல்நார் நரம்பு. மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று இழுப்பது இதுதான். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் நன்கு வளரும். இங்கே நரம்பு தோலையொட்டி ஓடுவதால் கிருமிக்கு வசதி. 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், நோயாளிகளின் நரம்புகள் இத்தகைய இடங்களில் வீங்கியிருப்பதைக் கவனித்தார்.

ஆனால் நரம்பைக் கெடுப்பது கிருமி மட்டுமன்று. அது மிக மந்தமானது. ஒன்று இரண்டாகப் பிளக்கவே ஏறக்குறைய 2 வாரம் ஆகும். ஆண்டுக்கணக்கில் ஓசையின்றித் தங்கியிருக்கும். பிறகு ஒருநாள் உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதை அடையாளம் கண்டு பாய்கின்றன. பழைய தேமல் சிவந்து தடிக்கிறது, நரம்பும் வீங்குகிறது. இறுக்கமான உறைக்குள் வீங்க இடமேது? நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போகலாம். இதற்கு 'எதிர்வினை' என்று பெயர். சிகிச்சையின் நடுவிலும், அது முடிந்த பின்னரும்கூட இது வரலாம். செத்த கிருமியின் துணுக்குகளே போதும்.

"மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று எண்ணிப் பலர் மாத்திரையை நிறுத்திவிடுவது இப்போதுதான். நிறுத்தவே கூடாது. ஆனைமலையானாலும் வேலூரானாலும் அரசு இலவசமாகத் தரும் கூட்டு மருந்து கிருமியைக் கொல்கிறது. எதிர்வினையை அடக்கப் பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு வேண்டும். மருத்துவர் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைத்துச் சில மாதங்கள் தருவார்கள். நரம்பு செயலிழந்து 6 மாதத்துக்குள் தொடங்கினால் பலருக்கு உணர்ச்சி திரும்புகிறது.

எதிர்வினையில் இன்னொரு வகை உண்டு: காய்ச்சலோடு வலிக்கும் சிவந்த முடிச்சுகள். இதற்கு மருந்து கிடைத்த கதை வியப்பானது. கருவிலிருந்த குழந்தைகளின் கைகால்களைக் குறைப்படுத்தியதால் 1961-ல் பல நாடுகள் கைவிட்ட தாலிடோமைடு மாத்திரையை, 1964-ல் ஜெருசலேம் மருத்துவர் ஷெஸ்கின் தூக்கமில்லாத ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். முடிச்சுகள் வடிந்துவிட்டன! அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தை அது குறைக்கிறது என்பது 1991-ல் தெரிந்தது. கருவுறக்கூடிய பெண்களுக்கு அது ஆபத்தானது என்பதால் கடுங்கட்டுப்பாட்டுடன்தான் தருகிறார்கள்.

எதிர்வினையைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. நோயாளியைக் கண்மூடச் சொல்லி, பால்பாயிண்ட் பேனா முனையால் உள்ளங்கையில் மெல்லத் தொடுகிறார் சுகாதாரப் பணியாளர். தொட்ட இடத்தை நோயாளி சரியாகக் காட்ட வேண்டும். சென்ற மாதம் காட்டியவர் இம்மாதம் தடுமாறினால், உடனே மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறார்.