குருதியும் ஈஸ்ட் பூஞ்சையும்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அப்பழத்தின் தோலில் கண்ணுக்குப் புலப்படாத ஈஸ்ட் பூஞ்சைகள் வாழ்கின்றன. பிழிந்து வைத்த சாறு நுரைத்துப் பொங்குவதற்கு அவையே காரணம். அவற்றின் உறவினமான 'கேண்டிடா அல்பிகன்ஸ்' என்னும் ஈஸ்ட் நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் குடியிருக்கிறது. உடல் நலமாக உள்ளவரை அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை.

அதே ஈஸ்ட் குருதியைத் தொட்டால் தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மனிதக் குருதியின் சீரத்தில் இட்டால், உருண்டையான அதன் செல் 2 முதல் 3 மணி நேரத்துக்குள் விதை முளைவிடுவதுபோல் ஒரு குழாயை நீட்டுகிறது. ஆய்வகங்களில் இப்பூஞ்சையை அடையாளங்காண இத்தன்மையே நெடுங்காலமாகப் பயன்படுகிறது. உடலுக்குள் அம்முளை நீண்ட இழையாகித் திசுக்களைத் துளைக்கிறது. அவ்விழைகள் 'கேண்டிடாலைசின்' என்னும் நச்சைச் சுரப்பதை 2016இல் அறிவியலாளர் கண்டறிந்தனர்.

குருதியும் வாளாவிருப்பதில்லை. கல்லீரல் உருவாக்கும் அல்புமின் புரதம் அந்நச்சைப் பற்றி அதன் வீரியத்தைக் குறைக்கிறது. டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம், பூஞ்சைக்குத் தேவையான இரும்புச்சத்தை எளிதில் கிட்டாதபடி பிணைத்து வைக்கிறது. வேறு சில புரதங்கள் பூஞ்சையின்மீது ஒட்டி, வெள்ளணுக்களுக்கு அதனைக் காட்டிக்கொடுக்கின்றன. பூஞ்சையோ ஹீமோகுளோபினிலிருந்து இரும்பைக் கவர்கிறது. புரதங்களை வெட்டும் நொதிகளையும் வெளியிடுகிறது.

இப்போராட்டத்தில் நோயாளியின் வலிமை எப்போது குன்றும்? கட்டுப்பாடற்ற நீரிழிவு, புற்றுநோய் மருந்துகள், நீண்டகால ஸ்டீராய்டு, பெரிய வயிற்று அறுவை, தீவிர சிகிச்சை, குறைமாதப் பிறப்பு ஆகிய நிலைகளில் குன்றும். பல நாட்கள் ஆன்டிபயாடிக் உட்கொண்டால், ஈஸ்ட்டை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் அழிகின்றன. பெருநாளத்தில் பொருத்திய குழாய் அதற்கு நேர்வழியாகலாம். 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் கேண்டிடா அல்பிகன்ஸ் மிக முக்கியமான பிரிவில் இடம்பெற்றது.

வாயில் வெண்படலம் தோன்றினாலே குருதியில் தொற்று என அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவரிடம் காட்டினால் போதும். ஆனால் நாளக்குழாய் உள்ளவருக்குக் காய்ச்சலோ குளிர்நடுக்கமோ கண்டால் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள். கை கழுவாமல் குழாயைத் தொடாதீர்கள். கட்டு நனைந்தாலும் பிரிந்தாலும் சொல்லுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்குவதைத் தவிருங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறோம். குருதியில் ஈஸ்ட் இல்லை என்று பரிசோதனை உறுதிசெய்த பின்னரும், பொதுவாக 14 நாட்கள் பூஞ்சைக்கொல்லி மருந்து தொடர வேண்டும். காய்ச்சல் தணிந்ததும், தோட்டத்தில் அறுவடை காத்திருக்கிறதென்று சிலர் ஊர் திரும்ப விழைவர். அந்தக் கவலையை நாங்கள் அறிவோம். எனினும் கண்ணிலோ இதய வால்விலோ தங்கிவிட்ட பூஞ்சை பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடும். ஆகவே மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். வீடு திரும்பும் நாளை அவருடன் கலந்து முடிவு செய்யுங்கள்.