1,500 கிலோமீட்டருக்கு எந்த சைக்கிள்?

1985இல் கிரிக்கெட் வீரர் இயன் போத்தம், ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் ஜான் ஓ குரோட்ஸிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்ட் வரை நடந்தே போனார். ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டத்தான் அந்த நடை. இந்த இரண்டு முனைகளுக்கும் இடையே இன்றும் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பலர் சைக்கிளில் போகிறார்கள், பெரும்பாலும் ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் சேர்க்க. உறவினர்களும் அலுவலக நண்பர்களும், 'நீ போய்ச் சேர், நான் இவ்வளவு தருகிறேன்' என்று எழுதிக் கொடுக்க, இவர்கள் பெடலை மிதிக்கிறார்கள்.

நேர்கோட்டில் பார்த்தால் தூரம் 970 கிலோமீட்டர். வழக்கமான சாலை வழியில் 1,407. லாரிகள் விரையும் நெடுஞ்சாலைகளை ஒதுக்கிக் கிராமச் சாலைகளாகப் பார்த்துப் போனால் 1,500ஐத் தாண்டிவிடும். மைக்கேல் பிராட்வித் என்பவர் 2018இல் முனைக்கு முனை சைக்கிள் பயணத்தை 43 மணி 25 நிமிடத்தில் முடித்தார். அவரை விட்டுவிடுவோம். நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களுக்கு இரண்டு வாரம் ஆகும்.

இப்படியொரு பயணத்துக்குப் பெயர் கொடுத்த கையோடு எல்லோருக்கும் வரும் கேள்வி, 'எந்த சைக்கிள் வாங்குவது?' கடைக்குப் போனால் விற்பனையாளர் ஒரு கார்பன் சைக்கிளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார். எடை குறையக் குறைய விலை ஏறும். அந்த எடைக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு கிலோவை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 9.8 கிலோஜூல் ஆற்றல் போதும். இந்தப் பயணத்தின் மேடுகளையெல்லாம் கூட்டினால் 15,000 மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 147 கிலோஜூல். சாப்பிடும் சாப்பாட்டில் கால் பங்கைத்தான் தசைகள் வேலையாக மாற்றுகின்றன, மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக, உணவுக் கணக்கில் 140 கலோரி சொச்சம். சைக்கிளில் இரண்டு கிலோ குறைத்தால் பயணம் முழுவதற்கும் சேர்த்து மிச்சமாவது மூன்று வாழைப்பழம்கூட இல்லை! ஆல்ப்ஸ் மலையில் பந்தயம் ஓட்டுகிறவருக்கு அந்த இரண்டு கிலோ சில நிமிடங்களைத் தரும், அவருக்கு அது முக்கியம். நன்கொடைப் பயணம் போகிறவர் அதற்காகப் பணத்தைக் கொட்டுவது வீண்.

காற்றும் அப்படித்தான். சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே உழைப்பில் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளுவதற்குச் செலவாகிறது. ஆனால் காற்றை அதிகம் தடுப்பது சைக்கிளின் சட்டமல்ல, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஆள். பிரிட்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் போத்தமுக்கு எதிர்த்திசையில், தெற்கிலிருந்து வடக்கே போகிறார்கள். சைக்கிளை மாற்றுவதைவிடப் புறப்படும் ஊரை மாற்றுவது லாபம்.

அப்படியென்றால் எதைப் பார்த்து வாங்குவது? முதலில், மூட்டையை யார் சுமக்கப்போகிறார்கள் என்று கேட்க வேண்டும். ஏற்பாட்டாளரின் வேன் பின்னால் வருமானால் சாதாரண சாலை சைக்கிளே போதும். பைகளைக் கேரியரில் தொங்கவிட்டு நீங்களே கொண்டு போவதானால் நெடும்பயணத்துக்கென்று செய்த வண்டி வேண்டும். அதில் பின்சக்கரம் கொஞ்சம் தள்ளி இருக்கும், குதிகால் பையில் இடிக்காது. சுமையோடு இறக்கத்தில் விரையும்போதும் வண்டி ஆட்டம் காட்டாது.

அடுத்தது கியர். என்னைக் கேட்டால் இதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும், அதுவும் ஆகக் குறைந்த கியரை. இந்தப் பாதையில் வழக்கமான உச்சம் ஸ்காட்லாந்தின் டிரமோக்டர் கணவாய், 460 மீட்டர். பெயர்தான் மிரட்டுமே தவிர, ஏற்றம் நீளமானது, மெதுவானது. வதைப்பது தெற்கே கார்ன்வாலும் டெவனும்தான். கடலோரப் பள்ளத்தாக்குகளில் சாலை சட்டென்று இறங்கும், உடனே செங்குத்தாக ஏறும், மறுபடி இறங்கும். கால்கள் பழகாத முதல் நாட்களிலேயே இது வந்துவிடும்.

ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்த்து 100 கிலோ. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, 160 வாட் திறனாவது வேண்டும். பந்தய வகை சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னதில் 28 பல் இருந்தால் அந்த வேகத்துக்குப் பெடல் நிமிடத்துக்கு 39 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியிலும் சராசரியாக 23 கிலோ எடைக்குச் சமமான விசை போக வேண்டும். முன்னால் 26 பல், பின்னால் 34 பல் என்றால் அதே வேகத்தில் 62 சுற்று, விசை 15 கிலோ. மொத்த உழைப்பு அதேதான். ஆனால் மூட்டுக்கு மிதிக்கு மிதி விழும் பாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை, அதுவும் இரண்டு வாரத்துக்கு மிதிக்கப்போகும் முழங்காலுக்கு இது பெரிய வித்தியாசம். நல்ல செய்தி என்னவென்றால், பின் பல்சக்கரத் தொகுப்பை மட்டும் மாற்றினாலே பல பழைய சைக்கிள்களில் இந்த வசதியில் ஏறக்குறைய பாதி வந்துவிடும்.

டயர் விஷயத்தில் நம்மில் பலருக்கு ஒரு பழைய நம்பிக்கை உண்டு: ஒல்லியாகவும் கல் மாதிரியும் இருந்தால்தான் வேகம் என்று. பந்தயக்காரர்களே நெடுங்காலம் 23 மில்லிமீட்டர் டயரைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள். இப்போது அவர்களும் 28க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். காரணம் எளிது. ஒரே காற்றழுத்தத்தில் ஒல்லி டயரும் தடித்த டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒல்லி டயரில் அந்தப் பரப்பு நீளவாக்கில் அமையும், தடித்ததில் அகலவாக்கில். நீளமாகத் தொட்டால் ரப்பர் அதிகம் வளைந்து நிமிர வேண்டும், அந்த வளைவில்தான் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. போதாததற்கு, பிரிட்டனின் கிராமச் சாலைகளில் தார் ஊற்றி அதன் மேல் சல்லியை அழுத்தியிருப்பார்கள். இறுகிய டயர் அந்தச் சல்லியின் ஒவ்வொரு துள்ளலையும் உடம்புக்கு அனுப்பும். உடம்பு அதை வாங்கிக்கொள்வதும் நாம் மிதித்துச் சேர்த்த ஆற்றலிலிருந்துதான். 28 முதல் 32 மில்லிமீட்டர் டயர், அதற்கு மேல் மட்கார்டு, இரண்டுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், காற்றைச் சற்றுக் குறைத்தே அடியுங்கள். (காற்றடைத்த டயருக்கு 1845இல் காப்புரிமை பெற்ற ராபர்ட் தாம்சனும் ஸ்காட்லாந்துக்காரர், 1888இல் அதை சைக்கிளில் நிலைநிறுத்திய டன்லப்பும் ஸ்காட்லாந்துக்காரர். தாம்சனை உலகம் மறந்துவிட்டது.)

சக்கரக் கம்பிகளையும் எண்ணிப் பாருங்கள். 1,500 கிலோமீட்டர் என்றால் சக்கரம் ஏழு லட்சம் முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும், கீழே வரும் கம்பியின் இறுக்கம் ஒரு கணம் தளர்ந்து திரும்பும். உலோகம் இப்படித்தான் களைத்துப்போய், நடுக்குடத்தருகே வளையும் இடத்தில் ஒடிகிறது. மூட்டையோடு போகிறவர்கள் பின்சக்கரத்தில் 36 கம்பி இருப்பதைக் கேட்டு வாங்குவது நல்லது. பிரேக் டிஸ்க்காக இருந்தால் மழையில் நிம்மதி. அதற்கு மேல் அதில் ஆராய ஒன்றுமில்லை.

கடைசியில் உடம்பு. மெத்தென்ற சீட் கடையில் சுகமாக இருக்கும். உட்காரும் எலும்புகள் அதில் புதைந்ததும், நடுவில் பிதுங்கும் பஞ்சு நரம்புகளையும் ரத்தக்குழாய்களையும் அழுத்தும். எலும்பின் அகலத்துக்குப் பொருந்தும், சற்றே கெட்டியான சீட்தான் நாள் முழுக்கத் தாங்கும். ஹேண்டில்பார் மிகவும் தாழ்ந்திருந்தால் உள்ளங்கையில் பாரம் ஏறி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். கழுத்தும் தப்பாது. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் போட்டியில் 1983இல் ஒருவருக்குக் கழுத்துத் தசைகள் தளர்ந்து தலையே நிற்காமல் போனது. அவர் பெயரால் அந்தக் கோளாறை இன்றும் 'ஷெர்மர் கழுத்து' என்கிறார்கள். பின்னாளில் மூடநம்பிக்கைகளை எதிர்த்து எழுதிப் புகழ்பெற்ற அதே மைக்கேல் ஷெர்மர்தான். நன்கொடைப் பயணத்தில் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் ஹேண்டில்பார் சீட்டின் உயரத்துக்கு அருகில் இருக்கட்டும்.

வாங்குவதற்கு முன் வீட்டில் கிடக்கும் பழைய சைக்கிளை ஒருமுறை பாருங்கள். சட்டம் உங்கள் உயரத்துக்குச் சரியாக இருந்தால் பல்சக்கரம், டயர், சீட் ஆகிய மூன்றையும் மாற்றி, முழு மூட்டையோடு அடுத்தடுத்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் எங்கே வலிக்கிறதோ அதைச் சரிசெய்யுங்கள். புது சைக்கிளுக்கென்று எடுத்து வைத்த பணத்தில் மீதியை நன்கொடைக் கணக்கில் போட்டுவிடலாம்.