சுமைதாங்கி முதல் மின்னேற்று நிலையம் வரை

வழிநடப்போர்க்குச் சுமைதாங்கியும் சத்திரமும் அமைத்தனர் நம் முன்னோர். இன்று சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் ஆத்தூரைக் கடக்கும் மின்வாகனம் வேண்டுவது மின்னேற்று நிலையம். அதனை நடத்த உரிமம் வேண்டா என நடுவணரசு 2018இல் தெளிவுறுத்தியது. நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என 2022இல் நெறி வகுத்தது.

ஆயின், 50 கிலோவாட் விரைவு மின்னேற்றி ஒன்றே 100 கிலோவோல்ட் ஆம்பியர் மின்மாற்றியின் பாதித் திறனை விழுங்கிவிடும். மின்மாற்றியை வலுப்படுத்தாது இணைத்தால், மின்னழுத்தம் தாழ்ந்து அண்டைவீட்டு விளக்கும் வயலின் மோட்டாரும் வாடும்.

ஸ்கூட்டருக்கோ வீட்டு பிளக் பாயின்ட்டே போதும். இரவில் செருகினால் விடியலில் நிறையும். வாடகை வீட்டார் பலருக்கு அதுவும் அரிது. ஆகவே பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் கல்லூரி வளாகத்திலும் எளிய மின்னிணைப்புகள் அமைதல் வேண்டும் என்பது நம் கருத்து. நெடுஞ்சாலைக் காருக்கு மட்டுமன்றி, உழைப்பாளியின் வண்டிக்கும் மின்சாரம் எட்டுவதன்றோ வளர்ச்சி!