நெல்லறுத்த வயலில் சோயா மொச்சை

சம்பா, தாளடி அறுவடைக்குப்பின் வயலில் எஞ்சும் ஈரத்தைக் கொண்டு உளுந்தும் பயறும் விளைவிப்பது நம் தஞ்சை உழவர்களின் நெடுநாளைய வழக்கம். அந்த ஈரத்திற்கேற்ற சோயா மொச்சை இரகமாக ஏ.டி.டி. 1 ஆடுதுறையில் உருவாயிற்று. எனினும், இரண்டு செய்திகளை மறந்தால் நல்ல இரகமும் பயன் தராது.

முதலாவது, சோயா விதையின் முளைப்புத்திறன் விரைவில் குன்றும். 100 விதைகளை ஈரச்சாக்கில் இட்டுப் பார்த்து, 70-க்குக் குறையாமல் முளைத்தால் மட்டுமே விதைத்தல் வேண்டும்.

இரண்டாவது, உளுந்தின் வேரில் வாழும் நுண்ணுயிர் சோயாவிற்குப் போதிய துணையாகாது. ஆதலின், சோயாவிற்கென்றே தயாரித்த ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். பூக்கும் பருவத்தில் வேர்முடிச்சை நறுக்கிப் பார்ப்போமாக. உட்புறம் சிவந்திருப்பின் காற்றிலுள்ள தழைச்சத்து பயிருக்குச் சேர்கிறது எனலாம்.

முதலாண்டில் ஒரு மா நிலத்தில் மட்டும் பயிரிட்டுத் தேர்தல் நலம். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் முன்நிற்பார்களாக!