வெள்ளைக் கோல்

பார்வையற்றவர்கள் கையில் பிடித்திருக்கும் கோல் ஏன் வெள்ளையாக இருக்கிறது, யோசித்திருக்கிறீர்களா?

நம்ம ஊர்ப் பக்கம் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறார்களே, அந்த லயன்ஸ் சங்கத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1930ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பியோரியா என்ற ஊர். பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்ததோ கறுப்புக் கோல். அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. இதைக் கவனித்தார் அந்த ஊர் லயன்ஸ் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர். கோலுக்கு வெள்ளை அடித்து, ஒரு சிவப்புப் பட்டையும் போட்டால் பளிச்சென்று தெரியுமே என்று அவருக்குத் தோன்றியது. சங்கமும் கூடவே நின்றது. வெள்ளைக் கோலுக்கு வழிவிட வேண்டும் என்று அந்த ஊரில் சட்டமே வந்துவிட்டது. கொஞ்சம் பெயிண்ட்தான், ஆனால் எவ்வளவு பெரிய உதவி!

அக்டோபர் 15 வெள்ளைக் கோல் தினம். அன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்கும் சாலையில் அந்தக் கோலைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள். கையைப் பிடித்து இழுக்காமல், "உதவட்டுமா?" என்று முதலில் கேளுங்கள்.