வைரஸ் கணக்கு: தலை எத்தனை, கதவு திறந்த நாள் எத்தனை?

லினக்ஸில் வைரஸ் வராது, மேக்கில் வராது, விண்டோஸுக்குத்தான் வரும் என்று கம்ப்யூட்டர் கடைகளில் அடித்துச் சொல்வார்கள். பாதி உண்மை. மீதியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தலைக்கணக்கு

உலகின் மேசைக் கணினிகளில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு விண்டோஸ். ஸ்டாட்கவுண்டர் கணக்குப்படி லினக்ஸ் 4 சதவீதத்தைத் தாண்டியதே 2024 பிப்ரவரியில்தான். வைரஸ் எழுதுகிறவன் வியாபாரி மாதிரி. கூட்டம் கூடும் சந்தையில்தான் கடை போடுவான்.

1988இல் கூட்டம் வேறிடத்தில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 2இல், தானாகப் பரவும் மோரிஸ் புழு கிளம்பியபோது இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணினிகள். அடிபட்டவை சுமார் 6,000, பத்தில் ஒன்று. அவை ஓடியது யூனிக்ஸில்; லினக்ஸும் மேக்கும் அந்தக் குலம்தான்.

ஆனால் தலைக்கணக்கு மட்டும் போதாது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. இணைய சர்வர்களில் பெரும்பங்கும் அதுவே. கூட்டமும் பணமும் இருந்தும், மேசைக் கணினிகளில் பரவுவது போல் அங்கே வைரஸ் பரவுவதில்லை. கதவு எத்தனை நாள் திறந்து கிடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

நாள்கணக்கு

வான்னாக்ரை (விண்டோஸ்): ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்தது 2017 மார்ச் 14. தாக்குதல் மே 12. இடைவெளி 59 நாள். அடிபட்டவை சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேல்.

ஃபிளாஷ்பேக் (மேக்): ஜாவாவின் ஓட்டையை ஆரக்கிள் அடைத்தது 2012 பிப்ரவரி 14. ஆப்பிள் தன் பயனர்களுக்கு அதைக் கொடுத்தது ஏப்ரல் 3. இடைவெளி 49 நாள். அடிபட்ட மேக்குகள் சுமார் 6 லட்சம்.

மிராய் (லினக்ஸ், 2016): கேமராக்களும் ரவுட்டர்களும் உச்சத்தில் சுமார் 6 லட்சம். திறவுகோல், தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பி யாரும் மாற்றாமல் விட்ட 60 சொச்சம் பாஸ்வேர்டுகள்.

மூன்றும் மூன்று ஓஎஸ் (இயங்குதளம்). கதவு திறந்து கிடந்தது மட்டும் பொது.

அனுமதிக்கணக்கு

விண்டோஸ் எக்ஸ்பியில் வீட்டுப் பயனருக்கே நிர்வாகி அதிகாரம் இருந்தது. அவர் திறந்த கோப்புக்கும் அதே அதிகாரம். அனுமதி கேட்கும் பழக்கம் 2007இல் விஸ்டாவோடு வந்தது. லினக்ஸில் நிர்வாகி வேறு, பயனர் வேறு. இறக்கிய கோப்பு அனுமதி கொடுக்காமல் ஓடாது. மென்பொருள் பெரும்பாலும் ஒரே களஞ்சியத்திலிருந்து வரும். அப்டேட்டும் அதே வழியில்.

நம் பக்கக் கணக்கு

உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் 30,000 கணினிகளையும் 1,880 சர்வர்களையும் லினக்ஸுக்கு மாற்றத் திட்டமிட்டது. உரிமச் செலவு மிச்சமாகும், வைரஸ் தொல்லையும் குறையும் என்பது கணக்கு. 2023இல் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட மாயா ஓஎஸ்ஸைக் கையில் எடுத்தது.

அடுத்தது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை. 2022 நவம்பர் 23 காலை சைபர் தாக்குதலில் அங்கே 5 சர்வர்கள் முடங்கின, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. ஓபி சீட்டு முதல் லேப் ரிப்போர்ட் வரை கையெழுத்துக்குத் திரும்பின. நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரிக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. ஓஎஸ்ஸின் பெயரைக் காரணமாகச் சொல்லவில்லை. இ-ஹாஸ்பிடல் என்ற மருத்துவமனை மென்பொருளின் தரவைக் காப்பாற்றியது, தொற்று எட்டாத ஒரு பேக்கப் சர்வர்.

ஐந்தொகை

கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வான்னாக்ரை ஒரு கணினிக்குக் கேட்ட தொகை 300 டாலர். 2 லட்சம் கணினிக்கு 6 கோடி டாலர். திருடர்கள் எடுத்தது சுமார் 1.4 லட்சம் டாலர்தான். ஆனால் பிரிட்டனின் அரசு மருத்துவ சேவைக்கு மட்டும் நஷ்டம் 9.2 கோடி பவுண்டு. ரத்தான அப்பாயின்ட்மென்ட்கள் சுமார் 19,000. அதைத் தடுத்திருக்கக்கூடிய அப்டேட்டின் விலை பூஜ்யம்.

விண்டோஸ் 10க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அதற்குப் பிறகான ஓராண்டுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த விலை 30 டாலர். பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றினால் உரிமமும் அப்டேட்டும் இலவசம். நேரு பிளேஸில் செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்குகிறவர் எந்த ஓஎஸ் என்று கேட்டால் மட்டும் போதாது. இதற்கு இன்னும் எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்றும் கேட்க வேண்டும்.