மோட்டார் ‘உம்’ என்கிறதா? உடனே நிறுத்துங்கள்!

சுவிட்சைப் போடுகிறோம். மோட்டார் ‘உம்’ என்று முனகுகிறது. ஆனால் சுற்றவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

“கொஞ்சம் பொறுத்தால் ஓடிவிடும்” என்று பலர் காத்திருக்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மோட்டார் எரிந்து போகிறது!

திருவண்ணாமலையில் இது சின்ன விஷயம் அல்ல. பவுர்ணமிதோறும் மலையை வலம் வர மக்கள் வெள்ளம்போல் வருகிறார்கள். கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். அன்று சத்திரங்களிலும் விடுதிகளிலும் தொட்டி வற்றக்கூடாது. ஊருக்கு வெளியே போனால் நெல்லும், வேர்க்கடலையும், கரும்பும் கிணற்றை நம்பி நிற்கின்றன. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் சில நாள் மோட்டார் நின்றால் போதும். ஒரு குடும்பத்தின் ஒரு போக உழைப்பே கருகிவிடும்.

கவலை போய் மோட்டார் வந்தது

ஒரு காலத்தில் கவலையும் ஏற்றமுமே கிணற்றுத் தண்ணீரை இறைத்தன. நீலகிரியில் பைக்காரா மின்சார நிலையம் 1932-ம் ஆண்டு வேலை செய்யத் தொடங்கியது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையில் நம் நாட்டு மின்சார மோட்டாரைச் செய்து காட்டினார்கள். பிறகு கோவை மோட்டார்கள் ஊர் ஊராகக் கிணற்றடிக்கு வந்தன. கவலை இறைத்த மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது.

தேரும் நெம்புகோலும்

மோட்டார் ஏன் முனகுகிறது?

கார்த்திகை தீபத் திருவிழாவில் 7-ம் நாள் தேரோட்டம். பெரிய தேரை நிலையிலிருந்து கிளப்புவதுதான் கடினம். வடம் பிடித்து இழுத்தால் மட்டும் போதாது. சக்கரத்தின் பின்னால் கட்டை கொடுத்து உந்த வேண்டும். தேர் உருளத் தொடங்கிவிட்டால் பிறகு சுலபம்.

வீட்டு மோட்டாரும் அப்படித்தான். ஒருமுனை மின்சாரத்துக்கு அதைத் தானாகக் கிளப்பும் பலம் இல்லை. முதல் உந்துதலைக் கொடுப்பது ‘கண்டென்சர்’ என்னும் சிறிய குப்பி. அது கெட்டால், மோட்டார் வடம் பிடித்தும் நகராத தேர்போல முனகிக்கொண்டு நிற்கும்.

நிற்கிற மோட்டார், ஓடுகிற மோட்டாரைவிட 5, 6 மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அத்தனையும் சூடாக மாறும். காயில் கருகும். கண்டென்சர் மாற்றக் கொஞ்சம் பணம் போதும். காயில் கட்டுவதற்கோ அதைப்போலப் பல மடங்கு செலவு!

சத்தமே இல்லையா?

அப்படியானால் பெரும்பாலும் மோட்டாருக்கு மின்சாரம் வரவில்லை என்று பொருள். முதலில் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிறகு பியூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியில் மிதவை சுவிட்சு இருந்தால், அது சிக்கிக்கொண்டிருக்கலாம். ஸ்டார்ட்டர் பெட்டியில் சூடு தாங்காமல் ‘ரிலே’ விழுந்திருக்கலாம். ஆறவிட்டு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். அது கோளாறைச் சொல்லும் காவல்காரன். அவனைக் கட்டிப்போடலாமா?

முனகினால் என்ன செய்வது?

1. சுவிட்சை உடனே நிறுத்துங்கள். மெயினையும் நிறுத்திப் பியூசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. மேலே இருக்கும் மோட்டாரானால், பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் பம்பில் துருவோ, மண்ணோ, கல்லோ அடைத்திருக்கலாம். பேரிங் இறுகியிருக்கலாம். பல நாள் ஓடாத மோட்டாருக்கு இது சகஜம்.

3. தாராளமாகச் சுற்றினால் கண்டென்சர் மீது சந்தேகப்படுங்கள். அது உப்பியிருந்தாலும், எண்ணெய் கசிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் அதன் முனையை நீங்கள் தொடாதீர்கள்! மெயினை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

4. விளக்கு மங்கலாக எரிகிறதா? அழுத்தம் குறைவு. அழுத்தம் 5-ல் 1 பங்கு குறைந்தால், மோட்டாரைக் கிளப்பும் பலம் 3-ல் 1 பங்குக்கு மேல் குறைந்துவிடும். அழுத்தம் சீராகும்வரை காத்திருங்கள்.

ஆழ்துளைக் கிணற்றில் இருக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்குப் பயந்து, உடனே குழாயைத் தூக்க வேண்டாம். பெரும்பாலும் ஒருமுனை மோட்டாரின் கண்டென்சரும் ரிலேயும் மேலே உள்ள பெட்டியில்தான் இருக்கும். முதலில் அதை வயர்மேனிடம் காட்டுங்கள். தூக்குகிற கூலி மிஞ்சலாம்.

விவசாயிகள் கவனத்துக்கு

வயல் மோட்டாருக்கு மூன்று முனை மின்சாரம் வேண்டும். ஒரு முனை போய்விட்டால் அது கிளம்பாமல் முனகும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முனை போனால், நிற்காமல் ஓடியே எரிந்துபோகும். ஒரு முனை போனதும் நிறுத்திவிடும் தடுப்புக் கருவி கடைகளில் கிடைக்கிறது. எரிந்த மோட்டாருக்குச் செலவழிப்பதைவிட அது லாபம்.

இதைச் செய்யவே கூடாது

பியூஸ் போகிறதென்று கனமான கம்பியைக் கட்டாதீர்கள். பியூஸ் பிழைக்கும், மோட்டார் போகும், வீடும் தீப்பிடிக்கலாம். மின்சாரம் இருக்கும்போது குச்சியால் விசிறியைத் தள்ளிவிடாதீர்கள். ஈரக் கையோடும், சேற்றில் வெறுங்காலோடும் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடாதீர்கள். மோட்டாருக்கு ‘எர்த்’ கம்பி கட்டாயம் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் மேல் ஒருவரை மின்சாரம் தாக்கிவிட்டால்? ஓடிப்போய் அவரைப் பிடிக்காதீர்கள். பிடித்தவரையும் அது தாக்கும். முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால், ஈரமில்லாத இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரைத் தள்ளிப் பிரியுங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

மெயின் சுவிட்சு எங்கே இருக்கிறது, அதை எப்படி நிறுத்துவது என்பதை வீட்டிலுள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்றைக்கே காட்டி வையுங்கள்.